கேசட்டை டெக்கில் போடுமுன்

பழைய கல்யாண வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு:

1. உதவாத கேசட்டை வைத்துப் பழகுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவருவது உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி. கார்டு, ஒலி, ஹார்டு டிஸ்க் எல்லாம் சரியென்று தெரிந்தபிறகே அதைத் தொட வேண்டும்.

2. கேப்சர் கார்டு வாங்குமுன் மதர்போர்டைத் திறந்து பாருங்கள். பழைய கார்டுகள் பிசிஐ ஸ்லாட்டுக்கானவை. இப்போது வரும் போர்டுகளில் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ்தான்; ஒன்று மற்றதில் உட்காராது. உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் உண்டா என்பதையும் காசு கொடுக்குமுன் பார்த்துவிடுங்கள்.

3. பவர் வயரைக் கழற்றி, பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, கார்டை ஓரத்தில் பிடித்துச் செருகி, திருகாணியை முடுக்குங்கள்.

4. மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. டெக்கில் எஸ்-வீடியோ இருந்தால் மஞ்சளை விட்டுவிட்டு அதையே எடுங்கள்.

5. நம் ஊர் கேசட்டுகள் பால் முறை: 720×576, நொடிக்கு 25 பிரேம். அமெரிக்காவில் பதிவானது என்டிஎஸ்சி: 720×480, நொடிக்கு 29.97. ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதிப் படங்களாகப் பின்னியிருப்பதால், ஆள் நகரும்போது திரையில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். பயந்து டீஇன்டர்லேஸை அமுக்கிவிடாதீர்கள். மூலப் பதிவு அப்படியே இருக்கட்டும்; பிரதியில் பிறகு சரிசெய்யலாம். ஒலியையும் அதே கார்டு வழியாகவே, 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். தனி சவுண்ட் கார்டின் கடிகாரம் வேறு கணக்கில் ஓடும். மூன்று மணி நேரக் கேசட்டில் கெட்டிமேளம் ஒரு நொடியிலும் தாலி முடிச்சு இன்னொரு நொடியிலும் விழுந்தால், அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்தது வேலையே இல்லை.

6. சுருக்காமல் பதிந்தால் மணிக்குச் சுமார் 75 ஜிபி பிடிக்கும். ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாத கோடெக் இதைப் பெருமளவு குறைக்கும். டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கட்டும்; ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது.

7. கேசட்டின் மூடியைத் தூக்கி, வெளிச்சத்தில் டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சணம். ஆரம்ப நாளில் நான் பார்க்காமல் ஒன்றைப் போட்டேன். பூஞ்சணம் ஹெட்டில் அப்பி, அடுத்துப் போட்ட கேசட்டையும் கெடுத்தது. அது ஒரு பெரியவரின் அறுபதாம் கல்யாணம். அவர் அப்போது உயிரோடு இல்லை. மகளிடம் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் குரல் எழும்பவில்லை. பூஞ்சணம் கண்டால் தனியே எடுத்து வையுங்கள். சுத்தம் செய்யாமல் எந்த டெக்கிலும் போடாதீர்கள்.

8. நல்ல கேசட்டையும் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும். பல வருஷம் கிடந்த டேப் ஒட்டியிருக்கும்.

9. பதிவு ஓடும்போது எழுந்து போகாதீர்கள். விடுபட்ட பிரேம் எண்ணிக்கை ஏறினால் நிறுத்துங்கள், காரணத்தைத் தேடுங்கள், முதலிலிருந்து எடுங்கள்.