உறவும் அடக்கமும்

அடக்கம் என்றதும் பலர் துறவியரையே நினைக்கின்றனர். வீட்டில் வாழும் நமக்கும் அதற்கும் தொடர்பு குறைவு என்று எண்ணுகின்றனர். வள்ளுவர் அவ்வாறு கருதவில்லை. திருக்குறளில் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. 16ஆம் அதிகாரம் பொறையுடைமை. இரண்டும் துறவறவியலில் இல்லை. வாழ்க்கைத்துணை, மக்கள், அன்பு, விருந்து ஆகியவற்றைப் பேசும் இல்லறவியலில் உள்ளன. சேர்ந்து வாழ்வோர்க்கே அடக்கம் முதலில் வேண்டும் என்பது இந்த வைப்பு முறையிலிருந்தே விளங்கும்.

வெகுளாமை என்னும் 31ஆம் அதிகாரத்தின் முதற் குறள் இன்னும் நுட்பமானது. நம் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குவதே அடக்கம். பலிக்காத இடத்தில் அடக்குவதில் பெருமை இல்லை என்பது அதன் கருத்து. பேராசிரியர் முன்னிலையில் நாம் அமைதியாக இருக்கிறோம். அங்கே நம் சினம் பலிக்காது. தாயிடம், தம்பியிடம், அறைத்தோழனிடம், மனைவியிடம் அது பலிக்கும். இவர்கள் நம்மை விட்டுப் போகமாட்டார்கள் என்ற துணிவே அதற்குக் காரணம். ஆகவே ஒருவருடைய அடக்கத்தை அளந்து பார்க்கும் இடம் அவருடைய வீடுதான்.

காந்தியடிகளின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1897 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கப்பலிலிருந்து இறங்கிய அவரை வெள்ளையர் கூட்டம் ஒன்று தாக்கியது. கல்லும் முட்டையும் வீசியது, அடித்தது, உதைத்தது. காவல்துறைக் கண்காணிப்பாளரின் மனைவி இடையில் புகுந்து காத்தார். தாக்கியவர்கள்மேல் வழக்குத் தொடர அரசே முன்வந்தும் காந்தி மறுத்துவிட்டார்.

அடுத்த ஆண்டு, 1898இல், அதே டர்பனில், அவருடைய சொந்த வீட்டில் நடந்தது வேறு. வீட்டில் தங்கியிருந்த எழுத்தர் ஒருவர், பஞ்சமர் எனப்பட்ட மக்களிடையே பிறந்த கிறித்தவர். அவருடைய சிறுநீர்க் கலத்தைக் கஸ்தூரிபாய் கண்ணீரோடு எடுத்துச் சென்றார். முகமலர்ச்சியோடு எடுக்க வேண்டும் என்று கணவர் கத்தினார். சொல் முற்றியது. மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்று, வெளியே தள்ளுவதற்காகக் கதவைத் திறந்தார். பெற்றோரும் உற்றாரும் இல்லாத இந்த நாட்டில் நான் எங்கே போவேன், வெட்கமில்லையா, கதவை மூடுங்கள் என்ற பொருள்படக் கஸ்தூரிபாய் பேசினார். காந்தி நாணிக் கதவை மூடினார். இதைச் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார்.

நண்பர்களே, இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கொலைவெறிக் கூட்டத்தை மன்னித்த மனிதர், மனைவியின் கண்ணீரைப் பொறுக்கவில்லை. அவருடைய கொள்கை உயர்ந்தது, தீண்டாமைக்கு எதிரானது. உயர்ந்த கொள்கையும் சினத்துக்குப் போர்வை ஆகலாம். அன்று அங்கே அடக்கத்தோடு நின்றவர் கஸ்தூரிபாய். அவர் வாய்மூடி நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். சொல்ல வேண்டியதைச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இதை அறிவியலும் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்பவர், கணவன் மனைவியரைப் பேசவிட்டு அவர்களுடைய இதயத் துடிப்பை அளந்தார். நிமிடத்துக்கு 100 துடிப்புக்கு மேல் போனவர்க்கு எதிரில் இருப்பவர் பேச்சு சரியாகக் காதில் ஏறுவதில்லை என்று கண்டார். ஒரு சோதனையில், வாதம் தொடங்கிய 15 நிமிடத்தில், கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிப் பேச்சை நிறுத்தினர். அரை மணி நேரம் இருவரும் பத்திரிகை படித்தனர். மீண்டும் பேசியபோது துடிப்பு தணிந்திருந்தது, பேச்சும் கனிந்திருந்தது. மாறியது நேரம் ஒன்றே.

ஆனால் அடக்குவது வேறு, மறைப்பது வேறு. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முன்பின் அறியாத பெண்கள் இருவர் இருவராக உரையாடினர். ஒருத்தி மட்டும் தன் உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் மறைத்தாள். அவளோடு பேசியவளுடைய இரத்த அழுத்தம் உயர்ந்தது! முகத்தைக் கல்லாக்கிக்கொள்வதும் எதிரில் இருப்பவரைத் துன்புறுத்தவே செய்கிறது.

வேதியியல் மாணவனாகிய எனக்குத் தாங்கல் கரைசல் நினைவுக்கு வருகிறது. அசெட்டிக் அமிலமும் சோடியம் அசெட்டேட்டும் கலந்த கரைசலில் சில துளி வீரிய அமிலம் விட்டால், அதன் புளிப்பு பெரிதும் மாறாது. விட்ட அமிலம் ஒளிந்துகொள்ளவில்லை. அசெட்டேட்டோடு சேர்ந்து வீரியம் குறைந்த அமிலமாக மாறுகிறது. அடக்கமும் அத்தகையதே. சினத்தைப் புதைப்பதன்று, சொல்லத்தக்க சொல்லாக மாற்றுவது. தாங்கல் கரைசலுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைச் சோதிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அடியையும் இழிவையும் பொறுத்துக் கிடப்பதை அடக்கம் என்று யாரும் சொல்லக்கூடாது.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன். திருவனந்தபுரத்தில் கடையிலும் பேருந்திலும் மலையாளத்தில் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எடுக்கிறேன். இங்குள்ள தமிழ் மாணவர் அனைவரும் அப்படித்தான். விடுதிக்குத் திரும்பி ஊருக்குப் பேசும்போது தாய்மொழி தடையின்றி ஓடுகிறது. "சாப்பிட்டியா?" என்று அம்மா இரண்டாம் முறை கேட்டால் எரிந்து விழும் குரல்களை மாலைதோறும் வராந்தாவில் கேட்கிறேன். அயலாருக்கு எண்ணிக் கொடுக்கும் சொல்லை அம்மாவுக்கு எண்ணாமல் வீசுவது முறையா?

செய்யத்தக்கவை மூன்று. சினம் ஏறும்போது, "இருபது நிமிடம் கழித்துப் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு விலகுங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள். சினத்தில் தட்டிய செய்தியை உடனே அனுப்பாதீர்கள். குறையைச் சொல்லும்போது அன்றைய குறையை மட்டும் சொல்லுங்கள், பழங்கணக்கைத் திறக்காதீர்கள்.

நம்மை விட்டுப் போகமாட்டார்கள் என்று நாம் நம்புகிறவர்களே நம் அடக்கத்துக்கு முதல் உரிமையுடையவர்கள். அவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை ஊராருக்குக் கொடுப்போம்.