பக்கத்தில் பெரிய நாடு. சின்ன நாடு என்ன செய்வது?

கேள்வி: உக்ரைன் முன்பே நேட்டோவில் சேர்ந்திருந்தால் தப்பித்திருக்கும் என்கிறார் நண்பர். சேர ஆசைப்பட்டதால்தான் அடி விழுந்தது என்கிறேன் நான். 90 அடி சாலை டீக்கடையில் தினமும் இதே வாக்குவாதம். வலிமையான நாட்டை ஒட்டியிருக்கும் சின்ன நாடு ராணுவக் கூட்டணியில் சேரலாமா ஐயா?
– கல்லூரி மாணவர், தாராவி, மும்பை

பதில்: முதலில் இலங்கையைப் பாருங்கள், தம்பி. அங்கே பெரிய நாடு என்பது நாம்தான்.

1948 பிப்ரவரியில் சுதந்திரம் பெறுவதற்கு முன்பே, 1947 நவம்பரில், பிரதமர் டி.எஸ். சேனநாயக்க பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டார். இந்தியாவைப் பற்றிய அச்சம் அதற்கு முக்கியக் காரணம். திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரிட்டிஷார் கையிலேயே இருந்தன. பின்னர் பிரதமரான பண்டாரநாயக்க அவற்றைத் திரும்பக் கேட்டார். 1957-இல் அவர்கள் வெளியேறினார்கள். இந்தியா படையெடுத்து வரவில்லை. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சி வெடித்தபோது, எந்தக் கூட்டணியும் இல்லாமலே, பிரதமர் சிறிமாவோ கேட்டதும் இந்திய ஹெலிகாப்டர்கள் போயின.

பின்னர் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன மேற்கு நாடுகள் பக்கம் சாய்ந்தார். இஸ்ரேல், பாகிஸ்தான் ராணுவப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். 1983 ஜூலையில் தமிழர்கள் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டபோது அவர் அரசு காப்பாற்றவில்லை. அகதிகள் ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கினார்கள். தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு இந்திய மண்ணில் ஆயுதப் பயிற்சி கிடைத்தது.

1987 ஜூன் 3 அன்று, முற்றுகையில் இருந்த யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருட்களோடு போன இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு, சுமார் 25 டன் பொருட்களை யாழ்ப்பாணத்தின் மேல் போட்டன. தடுத்து நிறுத்த எந்த நாடும் வரவில்லை. ஜூலை 29 அன்று ஜே.ஆர். ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை எந்த நாட்டின் ராணுவத்துக்கும் தருவதில்லை என்பது இணைப்புக் கடிதத்தில் இருக்கிறது. அடுத்து வந்த இந்திய அமைதிப் படையால் யாழ்ப்பாணத்து மக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சுமார் 1,200 இந்திய வீரர்களும் மாண்டார்கள். தலையிட்ட பெரிய நாடும் நல்லது செய்துவிடவில்லை.

இதை வைத்து எல்லா நாட்டுக்கும் ஒரே விதி எழுத முடியாது. உக்ரைன் 1994-இல் வெறும் உறுதிமொழியை நம்பி அணு ஆயுதங்களைக் கைவிட்டது. 2014-இல் ரஷ்யா கிரீமியாவைப் பிடித்தபோது, கூட்டணி சேராத நாடு என்றே உக்ரைன் சட்டம் சொன்னது. ஆகவே உங்கள் வாதம் நிற்காது, தம்பி. ரஷ்யாவோடு 1,340 கி.மீ. எல்லை கொண்ட பின்லாந்து பல பத்தாண்டுகள் ஒதுங்கியிருந்துவிட்டு, 2022 படையெடுப்பைக் கண்டபின் 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. அது சரியான முடிவு.

எல்லையையே மதிக்காத அண்டை நாடென்றால் கூட்டணி வேண்டும். அதுவும் அடி விழுமுன். அப்படி இல்லையென்றால், தன் மண்ணில் யாருக்கும் தளம் கொடுக்காமல், எல்லோரோடும் வியாபாரம் செய்வதே நல்லது. அதைவிட முக்கியம், சொந்தக் குடிமக்களைப் பகைத்துக்கொள்ளாமல் இருப்பது. வெளியார் நுழைய 1983-இல் கதவைத் திறந்துவிட்டது கொழும்பேதான். அந்தப் பாடம் இன்னும் அங்கே படியவில்லை. தமிழர்களோடு அதிகாரத்தைப் பகிர 1987 ஒப்பந்தத்தால் பிறந்தவை மாகாண சபைகள். வட மாகாண சபையின் காலம் 2018-இல் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகளாகத் தேர்தலே நடத்தவில்லை.