சிறிய டிராக்டர்: வாங்குமுன் ஒரு கணக்கு

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது திருமழபாடி. அங்கே ஒருவர் தம் நெல் வயலுக்குச் சிறிய டிராக்டர் வாங்கப் போகிறார் என்று கொள்வோம். எத்தனை குதிரைத்திறன் போதும்?

கலப்பையை இழுக்க 4,000 நியூட்டன் விசை தேவை. வேகம் விநாடிக்கு 1.25 மீட்டர் என்போம். திறன் = விசை × வேகம். அதாவது 5,000 வாட். ஒரு குதிரைத்திறன் சுமார் 746 வாட். எனவே இழுப்புக்கு மட்டும் 6.7 குதிரைத்திறன் வேண்டும். பல்சக்கர உராய்விலும், சேற்றில் டயர் வழுக்குவதிலும் திறன் வீணாவதால், எஞ்சின் இதைப்போல் இருமடங்குக்கு மேலாவது தரவேண்டும்.

அதற்காகக் கனத்த வண்டி வாங்கினால் சேற்றில் புதையும். இரும்புக் கேஜ் வீல் பூட்டினால், எடை அதிகப் பரப்பில் பரவி அழுத்தம் குறையும், பிடிப்பும் கூடும்.

ரோட்டவேட்டரின் கத்திகளைச் சுழற்றுவது பி.டி.ஓ. தண்டு. இது பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும். ஆகவே அக்கருவியின் அகலத்தைப் பி.டி.ஓ. திறனுக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விற்பனையாளரிடம் விலையை மட்டும் கேட்டால் போதாது. நடவு நேரத்தில் வண்டி நின்றால், நாற்று காத்திராது, முற்றிவிடும். உதிரிபாகமும் மெக்கானிக்கும் அருகில் உண்டா? நம் வயலிலேயே ஓட்டிக் காட்டுவாரா?

மாணவர்களே, உங்கள் ஊர் டிராக்டர் எத்தனை குதிரைத்திறன்? கேட்டறிந்து, வாட்டில் கணக்கிட்டுப் பாருங்கள்!