சம்பாதிக்கும் பிள்ளையிடம் வீட்டுப் பணம்: 12 குறிப்புகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தேர்வாய்கண்டிகையிலோ வேலை கிடைத்த பிள்ளைகள் பலர் தனி ரூம் எடுப்பதில்லை. கம்பெனி பஸ்ஸில் போய், வீட்டுக்கே வந்து சாப்பிடுகிறார்கள். ‘பெத்த பிள்ளைகிட்ட வாடகை வாங்குறதா?’ என்று நினைத்துக் கேட்கத் தயங்கிவிட்டு, மாதக் கடைசியில் குத்திக்காட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ஆரம்பத்திலேயே ஒரு தொகையைப் பேசி வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

1. முதலில் வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். அரிசி, மளிகை, பால், காய்கறி, கேஸ், தண்ணீர் கேன், வைஃபை எதையும் விடவேண்டாம். கரண்ட் பில் 2 மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அதில் பாதியைப் போடுங்கள். மொத்தம் 16,000 ரூபாய், வீட்டில் 4 பேர் என்றால் தலைக்கு 4,000. ‘எதுக்கு இவ்வளவு?’ என்று பிள்ளை கேட்டால் நோட்டை நீட்டினால் போதும்.

2. நியமன ஆணையில் போட்டிருக்கும் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் பி.எஃப்.புக்குப் போகும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.க்குப் போகும். கைக்கு வருவதில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாமல் கேளுங்கள். ஓ.டி. பணத்தைச் சேர்க்க வேண்டாம். ஆர்டர் குறைந்தால் ஓ.டி. நின்றுவிடும், அதை நம்பிப் போட்ட பட்ஜெட்டும் படுத்துவிடும்.

3. அப்ரண்டிஸாகவோ டிரெய்னியாகவோ இருக்கும் பிள்ளையிடம் தொகை பேசாதீர்கள். தண்ணீர் கேன் அல்லது கேஸ் சிலிண்டர், ஏதாவது ஒன்றை அவர் பொறுப்பில் விடுங்கள். வீட்டுக்கு என்று எடுத்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டால், வேலை நிரந்தரமானதும் பேசுவது சுலபம்.

4. நைட் ஷிப்ட் முடிந்து வாசலில் ஷூவைக் கழற்றும்போது பணப் பேச்சை எடுக்காதீர்கள். வார விடுமுறையில், சாப்பிட்ட பிறகு, அப்பா அம்மா இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். “தம்பி, இனிமே மாசா மாசம் நாலாயிரம் வீட்டுச் செலவுக்குப் போட்டுடுப்பா. மிச்சம் உன் காசு, நாங்க கேக்க மாட்டோம்.” இதில் இரண்டாவது வாக்கியத்தைக் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள். புது போன் வாங்கினால் விலை கேட்காதீர்கள்.

5. சம்பளம் ஏறிய மறுநாளே பணம் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடட்டும். கையில் வாங்கினால் ‘அன்னிக்கே குடுத்தேனே’, ‘எப்ப குடுத்த?’ என்று வாய்த்தகராறு வரும். நடுவில் 200, 500 என்று வாங்கும் கைமாற்றை இதில் கழிக்காமல் தனியாக எழுதுங்கள்.

6. மகன், மகள் இருவரும் வேலைக்குப் போனால் இருவருக்கும் ஒரே விகிதம் வையுங்கள். மகனிடம் ஆயிரம் வாங்கிக்கொண்டு, மகளின் ஏ.டி.எம். கார்டையே அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வது நியாயமில்லை. அவள் கல்யாணத்துக்கு என்று சேர்ப்பதாக இருந்தாலும் அவள் பெயரில், அவளுக்குத் தெரிந்து சேருங்கள்.

7. நைட் ஷிப்ட் பார்க்கும் பிள்ளை பகலில் தூங்க ஏ.சி. ஓடும். 2 மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஏ.சி. வாங்குவதற்கு முந்தைய பில்லை எடுத்து வையுங்கள். அதற்கு மேல் வருவதை அந்தப் பிள்ளையே கட்டட்டும். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, ஏ.சி.யை 26 டிகிரியில் வைத்தால் பில் அடங்கும்.

8. ரொக்கம் மட்டும்தான் பங்கு என்றில்லை. ஈ.எஸ்.ஐ. உள்ள பிள்ளை, தன்னை நம்பியிருக்கும் வருமானம் குறைந்த பெற்றோரின் பெயரைச் சேர்த்தால் அவர்களுக்கும் வைத்தியம் கிடைக்கும். பி.எஃப். நாமினி யார் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாது, புதிதாகப் போடவேண்டும்.

9. பிள்ளை பணம் இல்லாமலே குடும்பம் ஓடுகிறதா? அப்போதும் வாங்குங்கள், ஆனால் பிள்ளை பெயரிலேயே தபால் நிலைய ஆர்.டி. போடுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், 5 ஆண்டுக் கணக்கு. மாதம் 2,000 போட்டால் அசல் மட்டும் 1,20,000 ரூபாய். பதிவு இல்லாத தீபாவளிச் சீட்டில் இந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

10. சம்பளத்தில் எச்.ஆர்.ஏ. இருந்து, பழைய வரி முறையில் கணக்குக் காட்டும் பிள்ளை, பெற்றோர் பெயரில் உள்ள வீட்டுக்கு நிஜமாகவே வாடகை கொடுத்து வரிச்சலுகை கேட்கலாம். பணம் வங்கி வழியாகப் போகட்டும், ரசீது எழுதி வையுங்கள். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் பெற்றோரின் பான் எண் கேட்பார்கள். வாங்கும் பெற்றோர் அதைத் தங்கள் வருமானத்தில் காட்டவேண்டும். புதிய வரி முறையில் இந்தச் சலுகை கிடையாது.

11. அப்பா மனையில் மகன் மாடி எழுப்பினால் அதை மாதப் பணத்தோடு கலக்காதீர்கள். சிமென்ட், கம்பி, மேஸ்திரி கூலி என்று அவன் போட்டதைப் பில்லோடு தனி நோட்டில் எழுதி, கூடப் பிறந்தவர்களுக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள். மனை அப்பா பெயரில் இருப்பதால், எழுதாத பணத்துக்குப் பின்னால் சாட்சி இருக்காது. இவையெல்லாம் பேசித் தீர்க்கும் வீடுகளுக்கு. சம்பாதிக்கும் பிள்ளை இருந்தும், பிழைக்க வழியில்லாத பெற்றோரைக் கவனிக்காமல் விட்டால் அது வேறு விஷயம். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி பொன்னேரி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம்.

12. கான்ட்ராக்ட் முடிந்து வேலை நின்றால் வீட்டுப் பணத்தையும் நிறுத்திவிடுங்கள், விட்ட மாதங்களைப் பாக்கியாக எழுதாதீர்கள். இன்கிரிமென்ட் வந்தாலும் வண்டிக் கடன் எடுத்தாலும் தொகையை மறுபடி பேசுங்கள். கல்யாணம் ஆனதும் மருமகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். மாதா மாதம் எவ்வளவு போகிறது என்பதை அவள் புருஷனின் போனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள்.