கலையை ஊரோடு சேர்த்து வைப்பதும் ஒரு வேலைதான்



மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் கோயில்களையும் யுனெஸ்கோ 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எங்கெங்கிருந்தோ வந்து பார்க்கிறார்கள். பக்கத்து ஊர்களில் இருக்கும் நம் உறுப்பினர்களைக் கேட்டால், "அதெல்லாம் வெளியூர்க்காரங்க பாக்குறதுங்க, நமக்கு எதுக்கு?" என்கிறார்கள்.

ஏன் போவதில்லை?

பெரியவர்களுக்கு டிக்கெட் 40 ரூபாய். வேலையை விட்டுப் போனால் அன்றைய கூலி போச்சு. விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. மாமியாரால் படி ஏற முடியாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவிடம் வேண்டும். இது போக, 'நம்மள மதிப்பாங்களா' என்ற கூச்சம் வேறு.

இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக நீக்குவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அருங்காட்சியகங்களிலும் கலை அமைப்புகளிலும் இவர்களைச் சமூக ஒருங்கிணைப்பாளர், கல்வி அலுவலர் என்று அழைப்பார்கள். ஊருக்குப் போய் மக்களிடம் பேசுவது, பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருவது, கலைஞர்களை ஏற்பாடு செய்வது, மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்வுதளம் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் இவர்கள் வேலை.

நம் பக்கத்து உதாரணங்கள்

முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா 1996-ல் திறக்கப்பட்டது. இதற்கான அமைப்பை தெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கினார். தென் மாநிலங்களின் பழைய வீடுகள் பலவற்றைப் பிரித்து எடுத்து வந்து இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் பார்ப்பதோடு நிற்காமல், மண்பாண்டம் போன்ற கைவேலைகளைத் தாங்களே செய்தும் பழகலாம்.

காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் கட்டைக்கூத்து குருகுலம் நடத்தினார்கள். 2002 முதல் 2020 வரை நடந்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தை அங்கே பெண் பிள்ளைகளும் கற்றார்கள். பள்ளிப் படிப்பும் கூடவே நடந்தது.

நம் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். சமூகப்பணி, வரலாறு, தொல்லியல், நுண்கலை படித்தவர்களுக்கு வாய்ப்பு உண்டு. வீடு வீடாகப் போய்ப் பேசுவது, கூட்டம் கூட்டுவது, தீர்மான நோட்டு எழுதுவது, வரவு செலவு காட்டுவது ஆகியவைதான் இந்த வேலையில் பாதி. குழுவில் நாம் தினமும் செய்கிற வேலைதானே இது!

ஆனால் ஒரு எச்சரிக்கை. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும் இடங்கள் உண்டு. "சேவைதானேம்மா" என்று சொல்லிச் சம்பளம் தராமல் வேலை வாங்குவதும் உண்டு. எத்தனை மாதம், எவ்வளவு சம்பளம், பஸ் செலவு யார் தருவது என்று கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே சேர வேண்டும். கூச்சப்படக் கூடாது.

தெரிந்து கொள்ளுங்கள்

- மாமல்லபுரத்தில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை.
- அர்ச்சுனன் தபசைச் சாலை ஓரத்திலேயே நின்று பார்க்கலாம்.
- மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களுக்குச் சமமாகப் பண்பாட்டு வாழ்வில் பங்குபெற அரசு வழி செய்ய வேண்டும் என்று 2016-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் எத்தனை பேர் மாமல்லபுரத்தை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறோம்? போகாதவர்களைத் தடுத்தது எது?
2. நம் ஊரில் கூத்து, பறை, கோலம், கூடை முடைதல் தெரிந்தவர்கள் யார்? அவர்களிடம் பிள்ளைகள் கற்க என்ன ஏற்பாடு செய்யலாம்?
3. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் யாருக்கு இந்த வேலையில் விருப்பம்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முதல் கேள்விக்கு வரும் பதிலை வைத்து, எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் போய் வரத் திட்டம் போடுவோம்.