வெளியூரில் இருந்தும் வீட்டு சர்வர் வழியே மெயில் அனுப்ப 12 குறிப்புகள்

அமராவதி அணையும் 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளியும் உள்ள அமராவதி நகரில் குடியிருந்துகொண்டு, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் எடுத்துத் தருபவர்கள் சொந்த டொமைனில், வீட்டிலேயே ஒரு சிறு மெயில் சர்வர் வைத்துக்கொள்ளலாம். வீட்டு வைஃபையில் இருந்து அனுப்பும்வரை சிக்கல் இல்லை. திருப்பூருக்கோ டெல்லிக்கோ போன நம் ஆள், செல்போனில் இருந்து பையருக்குக் கொட்டேஷன் அனுப்பும்போதுதான் கவனம் வேண்டும். நம் ஆளுக்குத் திறக்கிற வழி வேறு எவருக்கும் திறக்கக் கூடாது. லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டையும் நிறுவியவர்களுக்கான குறிப்புகள் இவை.

1. முதலில் ரவுட்டருக்குள் நுழைந்து வேன் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். வெளியிலிருந்து உங்கள் சர்வரை எட்ட முடியாது. இணைப்பு தருபவரிடம் கேட்டு ஸ்டேட்டிக் ஐ.பி. வாங்கிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

2. போர்ட் 25 சர்வரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கானது. ஆட்கள் மெயில் அனுப்ப அதைத் தராதீர்கள். பனியன் கம்பெனியில் லோடு வண்டிக்கு ஒரு கேட், வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு கேட் இருப்பதுபோல, ஆட்கள் அனுப்புவதற்கென்றே 1998-இல் போர்ட் 587-ஐ ஒதுக்கினார்கள். இணைப்பு தொடங்கும்போதே பூட்டிக்கொள்ளும் போர்ட் 465-ஐ 2018-இல் வந்த தரநிலை பரிந்துரைக்கிறது. முடிந்தால் 465-ஐயே பயன்படுத்துங்கள். வெளியூர் போகும் நம் ஆட்களுக்காக ரவுட்டரில் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் திறந்தால் போதும்.

3. 587 வைத்தால் என்கிரிப்ஷனைக் கட்டாயமாக்குங்கள். 'முடிந்தால் என்கிரிப்ட் செய்' என்ற அமைப்பில் விட்டால், லாட்ஜ் வைஃபையில் நடுவில் இருப்பவர் அதைத் தட்டிவிட்டுப் பாஸ்வேர்டைப் படித்துவிடலாம். டி.எல்.எஸ். 1.0, 1.1 பழையவை, 1.2-க்குக் கீழே எதையும் ஏற்காதீர்கள்.

4. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம். 90 நாள் செல்லும். சர்ட்பாட் என்ற மென்பொருள் அதைத் தானாகப் புதுப்பித்துவிடும். ஆனால் புதுப்பித்ததும் போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் ரீலோட் செய்யும் கட்டளையையும் அதோடு சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சர்வர் பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கலாம். ஷிப்மென்ட் நாளில் செல்போன் 'நம்ப முடியாத சர்வர்' என்று நிறுத்திவிடலாம்.

5. பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வந்தவருக்கு அனுமதி, மற்ற அனைவருக்கும் மறுப்பு. இந்தப் போர்ட்டுக்கு இது ஒன்றே விதியாக இருக்கட்டும். இதில் ஓட்டை விட்டால் உலகத்து ஸ்பேம் எல்லாம் உங்கள் வீட்டுச் சர்வர் வழியாகப் போகும். உங்கள் டொமைன் தடைப்பட்டியலில் ஏறும். பையருக்கு ஒரு மெயிலும் போய்ச் சேராது.

6. ஒருவருக்கு ஒரு கணக்கு. 'ஆபீஸ்' என்று ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் வைத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கணக்கு எந்த முகவரியில் அனுப்பலாம் என்ற பட்டியலையும் போஸ்ட்ஃபிக்ஸில் கொடுங்கள். அப்போது செக்கிங் பார்ப்பவரின் பாஸ்வேர்ட் திருட்டுப்போனாலும், கணக்குப் பிரிவின் முகவரியில் எளிதில் இன்வாய்ஸ் அனுப்ப முடியாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே மூடுங்கள்.

7. போர்ட்டைத் திறந்ததுமே பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் முயற்சிகள் இரவும் பகலும் வரும். சிலமுறை தவறினால் அந்த ஐ.பி.யை அடைத்துவிடும்படி ஃபெயில்2பேன் நிறுவுங்கள். ஒரு மணி நேரத்தில் இத்தனை மெயில்தான் என்று வரம்பும் வையுங்கள்.

8. வீட்டு இணைப்புக்குரிய ஐ.பி. முகவரிகளில் இருந்து வரும் மெயிலைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதற்கென்றே ஸ்பாம்ஹாஸ் அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆகவே, நம் சர்வர் வாங்கும் மெயிலை, கட்டணம் பெறும் ஒரு ரிலே சேவைக்குப் பாஸ்வேர்டுடன் ஒப்படைத்து, அதன்வழி வெளியே அனுப்புங்கள். நேரடியாகவே அனுப்புவதென்றால், ஐ.பி.யில் இருந்து உங்கள் சர்வர் பெயருக்குத் திரும்பும் பி.டி.ஆர். பதிவை இணைப்பு தருபவரிடம் கேட்டு வாங்குங்கள்.

9. டொமைனில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் பதியுங்கள். உங்கள் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்பதை முதலாவது சொல்லும். இரண்டாவது ஒவ்வொரு மெயிலிலும் கையெழுத்திடும். இரண்டும் தவறினால் என்ன செய்வது என்று மூன்றாவது சொல்லும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இவற்றைக் கண்டிப்புடன் பார்க்கின்றன. ரிலே சேவை எடுத்தவர்கள் அதன் பெயரையும் எஸ்.பி.எஃப். வரியில் சேர்க்க மறவாதீர்கள்.

10. போஸ்ட்ஃபிக்ஸ் தானாக வைத்திருக்கும் அளவு வரம்பு சுமார் 10 எம்.பி. இணைப்புக் கோப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடும். 8 எம்.பி. டெக் பேக் ஒன்று அதனாலேயே திரும்பி வரும். வரம்பை 25 எம்.பி.க்கு உயர்த்துங்கள், பிரிண்ட் ஆர்ட்வொர்க் போன்ற பெரிய கோப்புகளுக்கு லிங்க் அனுப்புங்கள்.

11. ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு முன்பே யூ.பி.எஸ். பேட்டரியைச் சோதியுங்கள். சர்வருக்கு மட்டும் கொடுத்தால் போதாது. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் அதே யூ.பி.எஸ்.ஸில் இருந்து மின்சாரம் போக வேண்டும். எல்லாம் முடிந்ததும், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அனுப்பிப் பாருங்கள். பிறகு பாஸ்வேர்ட் கொடுக்காமல், வெளியார் முகவரி ஒன்றுக்கு அனுப்ப முயலுங்கள். 454 அல்லது 554 என்ற எண்ணோடு மறுப்பு வந்தால் உங்கள் சர்வர் சரியாக இருக்கிறது.

12. இத்தனை செய்தாலும் ஒன்றை சர்வரால் தடுக்க முடியாது. பையரின் டொமைன் பெயரில் ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் செல்போன் திரையில் வித்தியாசமே தெரியாது. அப்படிப் பதிந்த போலி டொமைனில் இருந்து 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வரும். நம் பெயரைப் போல ஒரு டொமைனில் இருந்து பையருக்கும் போகும். வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலை மட்டும் நம்பி ஏற்பதில்லை என்று பையரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்; ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டு, தெரிந்த குரலைக் கேட்ட பிறகே பணத்தை அனுப்புங்கள். மீறிப் பணம் போய்விட்டால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.