'ஹால்ப் ட்ஸேன்' என்றால் மணி எத்தனை? – ஊர் சுற்ற ஒரு ஜெர்மன் பாடம்

நண்பர்களே, நம்ம துறை சீனியர் அண்ணா ஒருத்தர் மாஸ்டர்ஸ் படிக்க மியூனிக் போனார். இங்கேயே ஏ1 தேர்வை நல்ல மதிப்பெண்ணில் பாஸ் பண்ணியவர். விடுதி அறைச் சாவியை வாங்க வரச் சொல்லி ஹவுஸ்மைஸ்டர் (கட்டடப் பராமரிப்பாளர்) போனில் நேரம் கொடுத்தார்: "வெள்ளிக்கிழமை, ஹால்ப் ட்ஸேன்."

ஹால்ப்னா பாதி, ட்ஸேன்னா பத்து. அப்போ பத்தரைன்னு முடிவு பண்ணி, அண்ணா 10.20-க்கே பெட்டியோடு போய் நின்றார். அலுவலகம் பூட்டியிருந்தது. காரணம், ஹால்ப் ட்ஸேன் என்றால் 9.30! திங்கட்கிழமை வரை சாவி கிடையாது. மூணு ராத்திரி ஒரு நண்பரின் அறைத் தரையில் படுத்தார்.

அண்ணாவுக்கு வார்த்தை தெரியாமல் இல்லை. புத்தகம் நமக்குக் கேள்வி *கேட்க*ச் சொல்லித் தருகிறது. ஊருக்குள்ளே போனால் எல்லாரும் *நம்மை*க் கேட்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல விஷயம்: ஒவ்வொரு இடத்திலும் திரும்பத் திரும்ப அதே நாலு கேள்விதான். அதை முதலில் காதுக்குப் பழக்குவோம்.

1. முதலில் ஒலி

டபிள்யூ எழுத்துக்கு 'வ' ஒலி. வி எழுத்துக்குப் பெரும்பாலும் 'ஃப' ஒலி. அதனால்தான் அங்கே 'ஃபோல்க்ஸ்வாகன்', 'பே எம் வே'. இஸட் எழுத்து 'ட்ஸ்'. யு மேல் இரண்டு புள்ளி இருந்தால், உதட்டை 'ஊ' சொல்வது போலக் குவித்து, உள்ளே 'ஈ' சொல்லுங்க. 'நான்' என்பதற்கு 'இஷ்'. உண்மையான ஒலி 'ஷ்'-க்கும் 'ஹ்'-க்கும் நடுவில் இருக்கும். தமிழ் எழுத்தில் இதெல்லாம் முழுசாக வராது. ஆடியோ கேட்டுத் திருத்திக்கொள்ளுங்க.

2. பேக்கரியில்

கடைக்காரர்: கூட்டன் மோர்கன்! வாஸ் டார்ஃப் எஸ் ஸைன்? (காலை வணக்கம்! என்ன வேணும்?)
நீங்கள்: இஷ் ஹெட்டெ கேர்ன் ட்ஸ்வை ப்ரேட்ஸன். (ரெண்டு ப்ரேட்ஸன் கொடுங்க.)
கடைக்காரர்: ஸோன்ஸ்ட் நோஹ் எட்வாஸ்? (வேற ஏதாவது?)
நீங்கள்: நைன், டாங்கெ. தாஸ் வேர்ஸ். (இல்லைங்க, நன்றி. அவ்வளவுதான்.)

மூணாவது வரிதான் பொறி. புரியாமல் "யா, யா" என்று தலையாட்டினால், அவர் அடுத்த பொருளின் பெயருக்காக உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னாடி வரிசை நீளும்.

இன்னொரு பொறி, 'டாங்கெ'. யாராவது காபி வேணுமா என்று கேட்கும்போது வெறும் "டாங்கெ" என்றால், 'வேண்டாம், நன்றி' என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வேணும்னா "யா, பிட்டெ". வேண்டாம்னா "நைன், டாங்கெ". இதைக் கலக்காதீங்க, காபி போய்விடும்!

சின்ன ரொட்டிக்கு மியூனிக்கில் 'ஸெம்மல்', வட ஜெர்மனியில் 'ப்ரோய்ட்ஷன்', பெர்லினில் 'ஷ்ரிப்பெ'. பெயர் தெரியாவிட்டால் விரலால் காட்டலாம், தப்பே இல்லை.

3. சூப்பர்மார்க்கெட் கவுன்டரில்

இங்கே கேள்விகள் வேகமாக வரும்:

– பார் ஓடர் மிட் கார்ட்டெ? (பணமா, கார்டா?)
– பிராவுஹன் ஸீ டென் போங்? (பில் வேணுமா?)

அதுக்கு முன்னாடி விலையைச் சொல்வார்கள். அங்கேதான் தலை சுற்றும். ஜெர்மனில் 21 முதல் 99 வரை (முழுப் பத்துகள் தவிர) ஒன்றாம் இடம் முதலில் வரும். 49 என்பது 'நொயின்-உண்ட்-ஃபியர்ட்ஸிஷ்', அதாவது 'ஒன்பதும் நாற்பதும்'. அவசரத்தில் நம்ம காதுக்கு 94 ஆகிவிடும். பழகும் வரை ஒரு வழி: ஒன்பது என்று கேட்டதும் 9 எழுதுங்க, அதன் *இடப்பக்கம்* 4 எழுதுங்க.

தண்ணீர் பாட்டிலில் 'ஃபாண்ட்' என்று இருந்தால் அது முன்பணம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், கேன் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட். காலி பாட்டிலைக் கடையிலுள்ள எந்திரத்தில் போட்டால் ஒரு சீட்டு வரும். கவுன்டரில் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட்டுகள் பொதுவாக மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கி வைத்துவிடுங்க.

4. மெட்ரோவில்

மியூனிக் ஊ-பான் நிலையங்களில் நம்ம சென்னை மெட்ரோ மாதிரி தடுப்புக் கதவு கிடையாது. டிக்கெட் வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீங்க. "ஹீயர் எண்ட்வேர்ட்டன்" என்று எழுதிய சின்னப் பெட்டி இருக்கும். 'இங்கே முத்திரை குத்தவும்' என்று அர்த்தம். டிக்கெட்டில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்க. இல்லாவிட்டால் அந்தப் பெட்டியில் நுழையுங்க. சாதாரண உடையில் வருபவர் திடீரென்று "டி ஃபார்கார்ட்டன், பிட்டெ!" (டிக்கெட் காட்டுங்க) என்பார். முத்திரை குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாத மாதிரிதான். 60 யூரோ கட்டணும்.

5. நேரம்

தமிழில் ஒன்பதைத் தாண்டி அரை, அதனால் ஒன்பதரை. ஜெர்மன்காரர் அடுத்த மணியைப் பார்க்கிறார்: பத்தாவது மணியில் பாதி முடிந்தது, ஆகவே 'ஹால்ப் ட்ஸேன்'. பவேரியாப் பக்கம் 9.45-ஐ 'ட்ரைஃபியர்டல் ட்ஸேன்' என்பார்கள். பத்தில் முக்கால் முடிந்தது என்று கணக்கு.

சந்தேகம் வந்தால் எண்ணாகத் திருப்பிக் கேளுங்க: "நொயின் ஊர் ட்ரைஸிஷ்?" (9 மணி 30-ஆ?). அண்ணா இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அன்று ராத்திரியே கட்டிலில் தூங்கியிருப்பார்.

6. தமிழ் கைகொடுக்கும் இடங்கள்

'நீ'க்கு 'டூ', 'நீங்கள்'-க்கு 'ஸீ'. கடை, அலுவலகம், முன்பின் தெரியாதவர் என்றால் ஸீ. கூடப் படிக்கிறவர்களிடம் டூ. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இங்கே தடுமாறுவார். நமக்கு இது வீட்டுப் பழக்கம்.

வினைச்சொல்லும் அப்படித்தான். "இஷ் மொஷ்டெ ஐனெ ஃபார்கார்ட்டெ காவுஃபன்": நான் – விரும்புகிறேன் – ஒரு டிக்கெட் – வாங்க. 'வாங்க' கடைசியில் நிற்கிறது பார்த்தீங்களா? நமக்குப் பழகிய இடம்தான்.

7. மாட்டிக்கொண்டால்

– வீ பிட்டெ? (என்ன சொன்னீங்க?)
– நோஹ் ஐன்மால், பிட்டெ. லாங்ஸாம். (இன்னொரு தடவை, மெதுவா.)
– இஷ் லெர்னெ நோஹ் டொய்ச். (ஜெர்மன் இப்பதான் கத்துக்கிறேன்.)

புரியாத கேள்விக்கு "யா" சொல்வதைவிட இந்த மூன்றில் ஒன்றைச் சொல்வது எவ்வளவோ மேல்.

பயிற்சி

அ) 'ட்ரை-உண்ட்-ஸெஷ்ட்ஸிஷ்' எந்த எண்? (ட்ரை – 3, ஸெஷ்ட்ஸிஷ் – 60)
ஆ) 'ஹால்ப் ஆஹ்ட்' எத்தனை மணி? (ஆஹ்ட் – 8)
இ) "காஃபே?" என்று கேட்கிறார்கள். உங்களுக்குக் காபி வேணும். என்ன சொல்வீங்க?

விடை: 63, 7.30, "யா, பிட்டெ".

இன்றைக்கே ரூம்மேட்டைக் கடைக்காரராக நிற்க வைத்து, கேள்விகளை வேகமாகக் கேட்கச் சொல்லுங்க. கேட்ட உடனே பதில் வரும் வரை விடாதீங்க. மியூனிக்கில் நண்பர்களுக்குள் வணக்கத்துக்கும் விடைபெறவும் ஒரே வார்த்தைதான். அதையே சொல்லி முடிக்கிறேன்: ஸேர்வுஸ்!